வெறும் பனையில் ஏறியவர்

கார்த்திகை மாதத்துக் காலை அது. விடியும்வரை தூறிவிட்டு அப்போதுதான் வானம் வெளுத்திருந்தது. பனைகளின் கறுத்த உடம்பில் ஈரம் மினுங்கியது. வடக்கே மருந்துவாழ்மலையின் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. எங்கள் ஊரில் விளை என்று சொல்லும் பனந்தோப்பின் நடுவில் நின்ற ஒரு பனையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் அக்காவின் கணவர், அத்தான், நின்றார். இடுப்பில் அரிவாள்பெட்டி இல்லை, தோளில் குடுவை இல்லை. மரத்திலும் சீவுவதற்குப் பாளை இல்லை, இறக்குவதற்குக் கலயம் இல்லை. ஒன்றுமே இல்லாத மரத்தின் உச்சிவரை ஏறி, ஓலைமட்டையைத் தொட்டு, மூச்சு வாங்கிவிட்டு இறங்க ஆரம்பித்தார். கீழே ஈரமணலில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டாரத்துப் பாதையில் போன மீன்காரி ஒருத்தி கூடையை இறக்காமலே அண்ணாந்து பார்த்து, "ஏ அய்யா, மேல நின்னு எங்க மாப்ளமாருக்க வள்ளம் வருதான்னு பாக்கியளாக்கும்? வந்தா ஒரு சத்தம் குடுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். அத்தான் இறங்கியதும் உள்ளங்கையை மணலில் தேய்த்துக்கொண்டு அடுத்த பனைக்கு நடந்தார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பன் ஏறிய பனையில் ஏறப் பிடிக்காமல் கொழும்புக்குப் போனேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். மலைத்தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். அட்டை கடித்துக் கால் புண்ணானதும் அதையும் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து உப்பு வாரினேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் என் கால் தரித்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம், காய்ச்சலோடு அக்கா வீட்டுக்கு வந்து விழுந்தேன். காய்ச்சல் விட்டதும் கிளம்புவதாகத்தான் எண்ணம். வந்த இடத்தில் என்னைவிட மோசமாக ஒருவர் இருந்தார்.

அக்கா வீடு என்பது பனவிளைக்குள் நின்ற ஓலைக்குடிசை. விளை முதலாளியுடையது. அதில் நின்ற நாற்பது பனைகளை அத்தான் ஏறினார். ஒருநாள் அக்கானி முதலாளிக்கு, மறுநாள் அக்கானி எங்களுக்கு. பதநீரை அங்கே அக்கானி என்றுதான் சொல்வார்கள். அதைக் காய்ச்சி அக்கா கருப்பட்டி ஊற்றுவாள். பனையேற்று இருக்கும்வரை குடிசையும் இருக்கும். பனை கைமாறினால் புதிதாக ஏறுகிறவன் குடிசைக்கு வருவான், பழையவன் சட்டிபானையோடு வெளியே போகவேண்டும். இதற்கு எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது.

அத்தானுக்கு ஒரு நோவு இருந்தது. பருவம் தொடங்கிப் பத்து நாள் ஏறுவார். பிறகு தோளின் பின்பக்கம், கைச்சதை, தொடை என்று எல்லாம் இறுகிக் கல்லாகிவிடும். தொட்டால் அடுப்பங்கல்லைத் தொட்டதுபோல் சுடும். விடிகாலையில் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாது. இடது கையால் ஒரு வாய்ச் சோற்றைத் தூக்குவதற்குக்கூட வலது கை வந்து முட்டுக்கொடுக்க வேண்டும். வைத்தியர் அதை வாதம் என்றார். நொச்சியிலை கிழி ஒத்தடம் கொடுத்தார், எண்ணெய் தடவினார், அசையாமல் கிடக்கச் சொன்னார். ஒத்தடம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பாளை காத்திருக்காதே. காலையும் மாலையும் சீவிக்கொண்டே இருந்தால்தான் அது சுரக்கும், நாலு நாள் விட்டால் அடைத்துக்கொள்ளும். போன மாசியில் அத்தான் நாற்பது நாள் படுத்துவிட்டார். நாற்பது பனையிலும் பாளை காய்ந்து கருகியது. முதலாளி வந்து பாயின் பக்கத்தில் நின்று, கோபப்படாமல் சொன்னாராம்: "அடுத்த மாசியிலயும் நீ இப்பிடிக் கெடந்தேன்னா, மரத்த எதிர்விளைக்காரன்கிட்ட குடுத்திருவேன். என்னையக் கொற சொல்லப்பிடாது."

எதிர்விளைக்காரன் என்பவர் பாதைக்கு அந்தப்புறம் அதே முதலாளியின் பதினைந்து பனைகளை ஏறிக்கொண்டிருந்தவர். நல்ல உடற்கட்டு, அதைவிட நல்ல வாய். பதினைந்து பனை அவருக்குப் போதாது.

பருவம் முடிந்தபின் பனையேறிகள் செய்வது ஒன்று உண்டு. ஆவணியில் கடைசிப் பாளை சீவிய அன்று, காலில் மாட்டி ஏறும் தளைநாரைக் கழுவி மஞ்சள் தடவி, பொங்கல் வைத்து, வீட்டுக் கூரையைத் தாங்கும் வளையில் தொங்கவிடுவார்கள். தை பிறந்து நாள் பார்த்துத்தான் அதை மறுபடி எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் மரம் ஆளைக் கீழே தள்ளிவிடும் என்று நம்பிக்கை. அந்த நாலைந்து மாதமும் அவர்கள் ஒரு துரும்பை நகர்த்தமாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் சாய்வார்கள், சீட்டு விளையாடுவார்கள், சுசீந்திரம் தேருக்குப் போவார்கள், மறுபடி சாய்வார்கள். வருடத்தில் ஏழு மாதம் நெஞ்சும் கையும் தோலுரிய ஏறியவர்களுக்கு அந்த ஓய்வு நியாயம்தான். உடம்பை அப்படிப் போற்றி வைத்தால்தான் அடுத்த பருவத்துக்குத் தாங்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நோவுக்காரரான அத்தான் மற்றவர்களைவிட அதிகமாகப் போற்றினார். தண்ணீர்க் குடத்தைக்கூட அக்கா தூக்கவிடமாட்டாள். தை முடிந்ததும் அசையாமல் கிடந்த அந்த உடம்போடு ஒரே நாளில் நாற்பது பனையில் ஏறுவார்.

இந்தக் கிடப்புக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது அக்காதான். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். ஆனால் எந்த வருடம் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளை வைத்து நினைவில் வைத்திருந்தாள். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த பயற்றுத் துவையலை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. மூத்தவ பெறந்த வருசம் ஒங்களுக்கு நோவு வந்துது. அதுக்கடுத்த வருசமும் வந்துது. சின்னவன் வயத்துல இருந்த வருசம் மட்டும் வரல்ல. அது ஏன்?"

"அது ஏன்னு எனக்கெப்பிடித் தெரியும்? சாமி பாத்திருக்கும்."

"சாமி ஒரு வருசம் பாத்துட்டு மறுவருசம் கண்ண மூடிக்குமா? அந்த ஐப்பசியிலதான் காத்தடிச்சு ஊருல உள்ள கூரையெல்லாம் பறந்துது. நீங்க தை வரைக்கும் தெனமும் ஓல வெட்ட ஏறுனிய. கெடக்க நேரமில்ல. நோவும் வரல்ல."

அத்தான் கஞ்சியைக் குடித்தார். எனக்கு அப்போது கொழும்பு நினைவு வந்தது. கப்பல் வராத மாதங்களில் நாங்கள் கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் சுருண்டு கிடப்போம். கப்பல் வந்து மூட்டை தூக்கிய மறுநாளே இடுப்பு பிடித்துக்கொள்ளும். பழைய ஆட்கள் சிலர் கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மூட்டையைத் தூக்கி, நாலு எட்டு நடந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் அவர்களைக் கிறுக்கர்கள் என்போம். அவர்கள் யாரும் இடுப்பு பிடித்துப் படுத்து நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னேன்.

"பாத்தியளா?" என்றாள் அக்கா.

"என்ன செய்யச் சொல்லுகா? ஓலயும் இல்லாம, அக்கானியும் இல்லாம, சும்மா ஏறி எறங்கச் சொல்லுகியா? ஊரு காறித் துப்பும் ஏட்டி."

"துப்பட்டும். தொடச்சிக்கிடலாம். வீட்ட விட்டு எறக்குனா எங்க போயிச் சேருவோம்?"

கடைசியில் அத்தான் தளைநாரைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். வளையில் தொங்குவதை நாள் பார்க்காமல் எடுக்கக்கூடாதே, காற்றடித்த வருடம்கூட ஊரே நாள் பார்த்துத்தான் எடுத்ததாம். அக்கா அண்ணாந்து அதைப் பார்த்தாள். "அது அங்கனயே தொங்கட்டும். யாரு எடுக்கச் சொன்னா? லே தம்பி, நீ புதுசா ஒண்ணு முறுக்கு" என்றாள். அன்று மாலைக்குள் பனைமட்டை நாரைக் கிழித்து, ஊறவைத்து, புதிதாக ஒரு தளை முறுக்கிக் கொடுத்தேன். அப்பனிடம் நான் கற்றிருந்த ஒரே வேலை அது. அத்தானுக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாள் ஒரு பனையில் பாதிதான் ஏறினார். இறங்கியபோது தொடை நடுங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர்தான் நாற்பது பனை ஏறுகிறவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வாரம் பாதிப்பனை. அடுத்த வாரம் ஒரு முழுப்பனை. பிறகு இரண்டு. மழைநாளில் மரம் வழுக்கும் என்பதால், அன்றைக்கு வீட்டு முற்றத்தில் முப்பது முறை உட்கார்ந்து எழுந்திருப்பார். கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, அந்தத் தண்ணீரை அக்காவின் கீரைப்பாத்திக்குத் திருப்பிவிட்டு, மறுபடி நிரப்புவார். கீரை அழுகிப்போயிற்று. அக்கா மறுபடி விதை தூவினாள்.

மூன்றாவது வாரம் நோவு வந்துவிட்டது. இடது தோள் இறுகிச் சூடேறியிருந்தது. அத்தான் பாயை விரித்துவிட்டார். "சொன்னேம்லா? நோவ வெலகொடுத்து வாங்கியாச்சு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன், என் துணிமூட்டையைக் கட்டவும் ஆரம்பித்தேன். பிறர் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு வராது, எழுந்து நடந்துவிடுவேன். அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். என் மூட்டையைப் பிடுங்கி அடுப்புக்குப் பின்னால் வைத்தாள். பிறகு அத்தானின் தோளில் சூடாக எண்ணெய் வைத்து, கொஞ்ச நேரம் தடவிவிட்டு, பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"நோவு இருந்தா கொறச்சு ஏறுங்க. நாலு முழம் ஏறுங்க, போரும். ஆனா கெடக்காண்டாம். கெடந்து கெடந்துதானே இம்புட்டும்."

அன்று நாலு முழம்தான் ஏறினார். மறுநாளும் நாலு முழம். அதற்கடுத்த நாள் ஆறு. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து, தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை சுழற்றினார். பாயில் நாற்பது நாள் இருந்த நோவு மரத்தில் ஐந்து நாள்கூட இருக்கவில்லை. அவர் தளையை எடுத்துக்கொண்டு, என்னைக் கூப்பிடாமலே விளைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவரை யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

நான் தொடக்கத்தில் சொன்ன கார்த்திகைக் காலை அந்த நாட்களில் ஒன்று. செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. எதிர்விளைக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பாதையோரத்தில் உட்கார்ந்து, தினமும் வேடிக்கை பார்ப்பார். "வேய், மேல மேகம் என்ன வெல சொல்லுகு? ஒரு கலயம் எறக்கும், நம்ம வீட்டுக்கும் வேணும்" என்பார். அவரே போய் முதலாளியிடமும் சொல்லியிருக்கிறார். ஒருநாள் முதலாளி குடையோடு வந்து பனையின் அடியில் நின்றார்.

"ஏலே, மேல என்னலே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல முதலாளி."

"பின்ன என்னதுக்கு ஏறுகா?"

"மாசியில பாயில விழாம இருக்கதுக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "இது நோவுக்கு வைத்தியமா, இல்ல நோவு தலைக்கு ஏறிட்டுதா?" என்று கேட்டார். பிறகு குடையை மடக்கி மணலில் ஒரு குத்துக் குத்தி, "மாசி கழியட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மார்கழிக் கடைசியில் அத்தான் காலையில் பன்னிரண்டு, மாலையில் பன்னிரண்டு பனை ஏறினார். அவரோடு நானும் இரண்டு மூன்று ஏறினேன். கொழும்புக்கு ஓடியதே இதற்குப் பயந்துதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வந்தது.

தை பிறந்தது. எல்லாரும் நாள் பார்த்துத் தளைநாரை இறக்கினார்கள். பாளை வந்தது. மாசி முதல் வாரத்தில் நாற்பது பனையிலும் கலயம் கட்டியாகிவிட்டது. அடுத்த பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு காலையிலும் அத்தான் எழுந்திருக்கும்போது அக்கா சூடேறிற்றா என்று அடுப்பைப் பார்ப்பதுபோல அவர் தோளைப் பார்ப்பாள். எட்டாம் நாள் வந்தது, ஒன்பதாம் நாள், பத்தாம் நாள். உடம்பு வலித்தது. பனையேறிக்கு வலிக்காமல் இருக்குமா? ஆனால் அது மாலையில் வந்து காலையில் போய்விடுகிற வலி. சதை சூடேறவில்லை, கல்லாக இறுகவில்லை. பதினோராம் நாள் விடிந்தபோது அத்தான் விளைக்குள் பாதி மரங்களை முடித்திருந்தார். நெஞ்சில் புதிதாகக் காய்த்த தோலும், தோளில் குடுவையுமாக, பனையிலிருந்து இறங்கி அக்கானியைப் பானையில் கொட்டியபோது, அக்கா புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே வாரம் எதிர்விளைக்காரர் படுத்துவிட்டார். அதுவரை பருவத் தொடக்கத்தில் நாலு நாள் முனகிவிட்டு எழுந்துவிடுகிறவர், அந்த வருடம் இரண்டு கையும் வீங்கி எழவே முடியவில்லை. அவர் மனைவி பாதையில் வந்து நின்றாள். உள்ளே வர அவளுக்குக் கூச்சம். நாலு மாதம் உட்கார்ந்து கேலி பேசியவரின் வீட்டுக்காரி அல்லவா. அத்தான்தான் வெளியே போனார்.

"பாள அடச்சிருமே அண்ணாச்சி" என்றாள்.

"அடைக்காது. கலயம் எங்கன இருக்குன்னு மட்டும் காட்டும்."

அன்றிலிருந்து ஒன்பது நாள், நாற்பதும் பதினைந்தும் ஐம்பத்தைந்து பனை. காலையும் மாலையும். அந்தப் பதினைந்து பனையின் அக்கானியை அவர்கள் வீட்டு முற்றத்திலேயே இறக்கிவிட்டு வருவார். நான் சுண்ணாம்பு தடவிய கலயங்களைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடினேன். மரத்திலிருந்து மரத்துக்கு அவர் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. உச்சியிலிருந்து தெற்கே கடலும் மேற்கே வயலும் தெரியும் என்று அப்போதுதான் கவனித்தவர்போல, மேலே நின்று எனக்குச் சொல்லிக்கொண்டே சீவுவார். ஆறாம் நாள் எதிர்விளைக்காரர் வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, "வேய், அடுத்த கார்த்திகையில என்னையும் கூப்பிடும். தனியா ஏறுனா ஒம்ம மட்டும்தானே பைத்தியம்னு சொல்லுவானுவ" என்றார். "நீரு வந்தா ஊரு நம்மள நம்பிரும்வே, வராண்டாம்" என்றார் அத்தான். அக்கா சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னார். கிடக்க வேண்டாம், கொஞ்சமாவது அசையும் என்று. அடுத்த கார்த்திகையில் அவர் வந்தார். அவரோடு இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

இப்போது மருத்துவர்கள் இதற்குச் சதை அழற்சி என்று பெயர் சொல்கிறார்கள். அளவாகத் தினமும் உடம்பை அசைத்துக்கொண்டிருந்தால் அது அடிக்கடி அண்டாது என்றும், நோவுக்குப் பயந்து முழுக்க முடங்கினால் கூடும் என்றும் சொல்கிறார்கள். எனக்கும் வயதாகிவிட்டது. ஊர் ஊராக அலைந்ததைத் தவிர வேறு சொத்து சேர்க்கவில்லை. ஆனால் எந்த ஊரில் தங்கினாலும் காலையில் எழுந்து, உட்கார்ந்து எழுந்திருப்பதை முப்பது முறை செய்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பேன். வலிக்கிற நாளில் பத்து. அந்தக் காலத்தில் ஒரு மனிதர் ஊர்ச்சிரிப்பை வாங்கிக்கொண்டு செய்ததை, இன்று பிள்ளைகள் மைதானத்தில் விசில் அடித்துக்கொண்டு செய்கிறார்கள். நல்லதுதான்.

அந்த முதல் வருடம் மாசி கழிந்து, பங்குனி முதல் தேதி முதலாளி வந்தார். அத்தான் அப்போதுதான் கடைசிப் பனையிலிருந்து இறங்கியிருந்தார். முதலாளி விளையைச் சுற்றிப் பார்த்தார், எதிர்விளையையும் பார்த்தார். ஐம்பத்தைந்து மரத்திலும் ஒரு பாளைகூடக் கருகவில்லை. "சரிலே, மரம் ஒனக்குத்தான்" என்றார். அத்தான் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். அதற்குள் அக்கா கருப்பட்டி கிண்டும் துடுப்போடு வெளியே வந்துவிட்டாள்.

"மரம் மட்டும் போராது முதலாளி. வீட்டுக்குக் கல்லு கெட்டணும்."

அந்த விளைகளில் யாரும் முதலாளியிடம் அப்படிக் கேட்டதில்லை. ஓலைக்குடிசை என்றால் ஒரு நாளில் பிரித்துவிடலாம், கல் கட்டிவிட்டால் குடியிருக்கிறவனுக்குப் பாத்தியதை வந்துவிடும் என்று எல்லா முதலாளிமாருக்கும் பயம். முதலாளி முகம் மாறியது. "இவனுக்கு ஏறதுக்கு ஆச, ஒனக்குக் கெட்டுகதுக்கு ஆசையாக்கும்" என்றார்.

"ஓல வீடா இருக்கப் போயித்தானே நோவு வந்தா எறங்கிப் போன்னு சொல்லுகிய. கல்லா இருந்தா சொல்ல மாட்டியல்லா."

முதலாளி அத்தானைப் பார்த்தார். அத்தான் தலைகுனியவில்லை. நோவு வந்தால் எழுப்பத் தெரிந்த ஒருத்தியையும், ஐம்பத்தைந்து பனை ஏறுகிற ஒருவரையும் வெளியே அனுப்பிவிட்டு இன்னொருவனைத் தேடுவதா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் குடைக்கம்பால் மணலைக் கிளறினார்.

"இடுப்பு ஒயரம் கெட்டிக்கோ."

"ஆளு ஒயரம்" என்றாள் அக்கா.

"சரி, கெட்டித் தொலை."

மருந்துவாழ்மலை அடிவாரத்தில் கல் எடுத்தோம். வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஆனால் முதல் கல்லை மட்டும் அத்தான் வண்டியில் ஏற்ற விடவில்லை. துண்டைச் சுருட்டி இடது தோளில் வைத்து, அதன்மேல் கல்லைத் தூக்கி வைக்கச் சொன்னார். நான் கூடவே நடந்தேன். பாதையில் இரண்டு முறை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தார். விளைக்குள் வந்து, அக்கா கோடு போட்டு வைத்திருந்த மூலையில் கல்லை இறக்கி, நிமிர்ந்து தோளை ஒருமுறை சுழற்றினார்.

"அடுத்தது எங்கன வைக்கணும் ஏட்டி?" என்று கேட்டார்.